விடுதியை மறுத்தோரும் பொது வீதியும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இளைஞர் அரங்கிற்கென விழாக் குழுவினர் குறித்துக் கொடுத்துள்ள பொருள், கேட்ட அளவில் சிறியதாகத் தோன்றும். வீடில்லாத ஒருவருக்கு அரசோ ஓர் அறநிலையமோ இரவில் தங்க இடம் தருவதாகச் சொல்கின்றது; அவர் வேண்டாம் என்கின்றார். அவ்வாறு மறுத்தவர் பொது வீதியிலும் பூங்காவிலும் படுத்துறங்கலாமா? இவ்வளவே வினா. இதில் நம் இளைஞர்களிடையே இரு வேறு கருத்துகள் நிலவுவதை நாம் அறிவோம். "இடமில்லை என்றால் இரக்கப்படலாம், இடம் கொடுத்தும் வராதவருக்கு நடைபாதையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அது நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகும் பாதை அல்லவா?" என்று கேட்போர் நம்மிடையே உளர். அக்கேள்வி நெஞ்சில் ஈரமற்றவர்களின் கேள்வி என்று தள்ளிவிடத் தக்கதன்று. நாள்தோறும் அப்பாதையில் நடப்பவர் கேட்கத்தக்க கேள்விதான். ஆகவே அதனை எதிர்கொண்டே விடை காண முயல்வோம்.

இவ்வினாவை அண்மையில் உலகறியச் செய்தது, அமெரிக்க நாட்டின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிறு நகரம். அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 38,000. வீட்டு வாடகை ஏறியது. எளியவர்க்கு வாடகை வீடே கிடைப்பதரிதாயிற்று. வீடிழந்தோர் பூங்காக்களில் தங்கத் தொடங்கினர். 2013-ஆம் ஆண்டில் அந்நகர மன்றம் கூடி இதைப் பற்றிப் பேசியது. இவ்வூரில் இருப்பதே தொல்லை என்னும் நிலையை உண்டாக்கினால் இவர்கள் தாமே வேறூர் நோக்கிப் போய்விடுவர் என்னும் கருத்தை அக்கூட்டத்தில் மன்றத் தலைவரே சொன்னது, பின்னர் நீதிமன்ற ஏடுகளில் ஏறியது. வீதியிலும் நடைபாதையிலும் உறங்கலாகாது. பூங்காவில் முகாமிடலாகாது என்னும் விதிகள் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டன. முகாம் என்றதும் கூடாரத்தை நினைத்துவிட வேண்டா. படுப்பதற்காக ஒரு போர்வையை விரித்தாலும் அவ்விதிகளின்படி அது முகாமே. தண்டம் 295 டாலர். கட்டத் தவறினால் 537 டாலருக்கும் மேல். மீண்டும் மீண்டும் பிடிபட்டவர் பூங்காவிற்குள் வரலாகாது என 30 நாள் தடை. தடையை மீறினால் அத்துமீறி நுழைந்த குற்றம். அதற்கு 30 நாள் வரை சிறை, 1,250 டாலர் வரை தண்டம். போர்வையில் தொடங்கிச் சிறையில் முடியும் படிக்கட்டு இது.

அந்நகரில் விடுதியே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கிறித்தவ அறநிலையம் ஒன்று நடத்திய விடுதி. அங்கே தங்க விரும்புவோர் புகைத்தல் கூடாது. வழிபாட்டிற்குத் தவறாது வரவேண்டும். விடுதியின் வேலைகளைக் கூலியின்றிச் செய்யவேண்டும். ஊரிலுள்ள வீடற்றோர் அனைவருக்கும் அங்கே படுக்கை போதாது என்பது ஒருபுறமிருக்க, இந்நிபந்தனைகளை ஏற்க மாட்டேன் என்றவரும் "இடம் கொடுத்தும் மறுத்தவர்" என்னும் கணக்கிலேயே சேர்க்கப்பட்டார்.

இதற்கு முன்பே, அருகிலுள்ள ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரத்தைப் பற்றிய வழக்கில் 2018-ஆம் ஆண்டு ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தங்குமிடம் கிடைக்காத ஒருவரைப் பொதுவிடத்தில் உறங்கியதற்காகத் தண்டிப்பது, கொடிய தண்டனையைத் தடுக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் எட்டாம் திருத்தத்திற்கு முரணானது என்பது அத்தீர்ப்பு. நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி அத்தீர்ப்பின் அடிக்குறிப்பில் உள்ளது. தக்க தங்குமிடம் உண்மையாகவே இலவசமாகக் கிடைத்தும் அதனைப் பயன்படுத்த விரும்பாதவருக்கு இப்பாதுகாப்பு இல்லை என்று நீதிபதிகள் வரையறுத்தனர். ஆனால் "கிடைக்கிறது" என்பதற்கு அவர்கள் கண்ட பொருளையும் நோக்குக. பாய்சியின் விடுதிகளுள் இரண்டைச் சமய அமைப்பு ஒன்று நடத்தியது. 17 நாள் கழிந்தபின் தொடர்ந்து தங்க வேண்டுமாயின் சமயப் பயிற்சித் திட்டத்தில் சேரவேண்டும் என்னும் விதி அங்கே இருந்தது. சிறையைக் காட்டி ஒருவரை ஒரு மதத்தின் பயிற்சிக்குள் தள்ளும் அதிகாரம் நகராட்சிக்குக் கிடையாது. அத்தகைய விடுதியை மறுத்தவரை, இடம் கிடைத்தும் மறுத்தவராகக் கொள்ள இயலாது என்றது நீதிமன்றம்.

அந்த நியாயம் ஆறாண்டுகளே நின்றது. 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோர்சச். சட்டம் வீடற்றவர் என்னும் நிலையைத் தண்டிக்கவில்லை, பொதுவிடத்தில் முகாமிடுதல் என்னும் செயலையே தண்டிக்கிறது. விடுமுறையில் ஊர் சுற்ற வந்தவர், கிளர்ச்சிக்காகப் புல்வெளியில் படுக்கும் கல்லூரி மாணவர், வீடற்றவர் ஆகிய அனைவருக்கும் சட்டம் ஒன்றே என்பது அவருடைய வாதம். எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர், உறக்கம் உடலின் தேவையேயன்றிக் குற்றமன்று. விழித்திருக்கவும் இயலாமல் படுக்கவும் இடமில்லாமல் ஒருவரை நிறுத்தி வைப்பது அவருடைய நிலையையே தண்டிப்பதாகும் என்றார். இத்தீர்ப்பினால் எல்லாம் முடிந்துவிடவில்லை. பொதுவிடத்தில் உறங்குவோரைப் பற்றிய விதிகள், நேரம் இடம் முறை ஆகியவற்றில் நியாயமானவையாக இருத்தல் வேண்டும் என ஓரிகன் மாநிலம் 2021-இலேயே தனிச் சட்டம் செய்திருக்கின்றது. அச்சட்டம் இத்தீர்ப்பிற்குப் பின்னும் நிற்கின்றது.

"அனைவருக்கும் சட்டம் ஒன்றே." இச்சொற்றொடரைக் கேட்கும்போது நம்மவர் சற்றே நின்று நிதானிக்க வேண்டும். ஊர் சுற்ற வந்தவருக்கு வேறோர் இரவு உண்டு. வேறோர் அறை உண்டு. மாணவருக்குத் திரும்பிச் செல்ல விடுதி உண்டு. மூன்றாமவருக்கு மட்டுமே அவ்விதி எல்லா இரவுகளிலும் பொருந்துகின்றது. பெயரளவில் பொதுவாயிருந்து பயனளவில் ஒருவர் மீதே விழும் விதிகளை நாம் வேறிடங்களிலும் கண்டிருக்கின்றோம் அல்லவா?

"பொது" என்னும் சொல் நமக்கு எளிதாகக் கிடைத்த சொல்லன்று. பொதுச் சாலையும் பொதுக் குளமும் பொதுக் கிணறும் இருந்தன. நாம் மட்டும் அவற்றில் இல்லை. 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இராவ் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் கிணறுகளிலும் குளங்களிலும் அரசு அலுவலகங்களிலும் தாழ்த்தப்பட்டோர் தடையின்றிச் செல்லலாம் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தார். அடுத்த ஆண்டில் அது அரசிதழில் வெளியாயிற்று. 1927-இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் நீர் அள்ளியதும் அவ்வுரிமைக்காகவே. அவ்வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிவதற்கு 1937 வரை ஆயிற்று. ஒரு குளம் பொதுக் குளமே என்று நிலைநாட்டப் பத்தாண்டுகள்! ஆதலின் யாருக்குப் பொதுவிடம், யாருக்கு இல்லை என்னும் பேச்சு எழும்போது, அது எவரைப் பற்றியதாயினும், நாம் வெறும் பார்வையாளராக இருத்தல் இயலாது.

இனி விடுதியை மறுப்பது என்னும் பகுதிக்கு வருவோம். இதனைப் புரிந்துகொள்ள டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்விலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அவர், 1917-ஆம் ஆண்டு பரோடா அரசின் பணியில் சேரச் சென்றார். தங்க இடமில்லை. இந்துக்களின் விடுதி தீண்டத்தகாதவரை ஏற்காது. பார்சிகளின் விடுதி ஒன்று இருந்தது. அதுவும் பார்சிகளுக்கு மட்டுமே. விடுதிப் பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதுவதென்றும் நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுப்பதென்றும் விடுதிக்காரருடன் ஏற்பாடாயிற்று. அதாவது, பெயரை மறைத்தால் கூரை உண்டு. பதினோராம் நாள் காலை, தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. மாலைக்குள் வெளியேறவேண்டும் என்று மிரட்டிச் சென்றது. நண்பர் இருவரை நாடினார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இருவர் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பம்பாய்க்கு இரவு ஒன்பது மணிக்குத்தான் இரயில். அதுவரை ஐந்து மணி நேரத்தை எங்கே கழிப்பது? கமாத்தி பாக் என்னும் பொதுப் பூங்காவில் கழித்தார். தாய் தந்தையரை நினைத்தபடி அங்கே அமர்ந்திருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கின்றார்.

பெரும்பாலும் இந்நிகழ்ச்சியைச் சாதிக் கொடுமைக்குச் சான்றாக மட்டுமே எடுத்துச் சொல்வோம். அது முற்றிலும் சரியே. இன்றைய பொருளுக்கு அதிலிருந்து வேறொன்றையும் எடுத்துக்கொள்வோம். அவருக்கு முதலில் கிடைத்த கூரை நிபந்தனையுடன் கூடிய கூரை. அந்நிபந்தனை அவருடைய பெயரையே விலையாகக் கேட்டது. அன்று அவர் அதை ஏற்றார், வேறு வழியில்லை. அவர் ஏற்காமல், "என் பெயரை மறைத்துத் தங்கமாட்டேன்" என்று சொல்லி அன்றிரவே பூங்காவிற்குச் சென்றிருந்தால், காவலர் ஒருவர் வந்து, "உமக்கு இடம் கிடைத்ததே! வேண்டாம் என்றவர் நீர்தானே! எனவே பூங்காவில் படுத்தது குற்றம்" என்று சொல்லியிருக்கலாமா? இவ்வினாவிற்கு நாம் கூறும் விடை எதுவோ, அதுவே கிராண்ட்ஸ் பாஸ் நகரத்து மனிதரைப் பற்றிக் கூறவேண்டிய விடையுமாகும். எந்த விடுதியை மறுத்தார், அதற்குள் நுழைய என்ன விலை கேட்டார்கள் என்று அறியுமுன் மறுப்பைக் குற்றம் என்பது முறையன்று.

விடுதியை விரும்பத்தகாததாக வேண்டுமென்றே அமைத்த வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், ஏழைகளுக்கான உழைப்பு விடுதிகளில் உள்ள வாழ்க்கை, வெளியே மிகக் குறைந்த கூலி பெறும் உழைப்பாளியின் வாழ்க்கையைக் காட்டிலும் தாழ்ந்ததாகவே இருக்கவேண்டும் என்னும் கொள்கையின்மீது எழுந்தது. கணவன் ஒரு பகுதி, மனைவி ஒரு பகுதி, பிள்ளைகள் ஒரு பகுதி. பட்டினியே மேல் என்று பலர் வெளியே நின்றனர். "இவர்களுக்குத் தேவையில்லை போலும்" என்று ஆட்சியாளர் கணக்கு எழுதிக்கொண்டனர்.

நம் நாட்டிற்கு வருவோம். 1981 ஜூலையில் அன்றைய மகாராட்டிர முதல்வர் ஏ. ஆர். அந்துலே, பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கே அனுப்பிவிடுவதாக அறிவித்தார். மழைக்காலம். குடிசைகள் பிடுங்கப்பட்டன. அதனை எதிர்த்து எழுந்ததே ஓல்கா டெல்லிஸ் வழக்கு என இன்று சட்டக் கல்லூரிகளில் பயிலப்படுவது. வழக்காடியவருள் ஒருவர் நம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலித் தொழிலாளி என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பிழைப்புத் தேடி 1961-இல் பம்பாய் சென்றவர். இரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய குடிலுக்காகச் சேரித் தாதா ஒருவன் அவரிடம் பறித்த தொகை 2,500 ரூபாய். 1981 ஜூலை 23 அன்று குடில் இடிக்கப்பட்டது. மனைவியுடனும் மூன்று பெண் மக்களுடனும் அவரைப் பேருந்தில் ஏற்றிச் சேலத்திற்கு அனுப்பினர். மனைவி மக்கள் ஊரில் தங்கினர். அவரோ மீண்டும் பம்பாய்க்கே சென்று மீண்டும் நடைபாதையில் குடியேறினார். ஏன்? ஊரில் நிழல் இருந்தது, கூலி இல்லை. பம்பாயில் கூலி இருந்தது, நிழல் இல்லை. அரசு கொடுத்த இலவசப் பயணத்தை அவர் மறுத்துவிட்டார் என்று சொன்னால் அது எழுத்தளவில் மெய்; பொருளளவில் எத்துணைப் பொய்!

அதே வழக்கில் காமராஜ் நகர் என்னும் குடியிருப்பும் பேசப்பட்டது. விலே பார்லேயில் நெடுஞ்சாலையை ஒட்டித் தண்ணீர்க் குழாய் பதித்த கட்டுமானத் தொழிலாளர்கள் 1960 வாக்கில் அமைத்துக்கொண்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடிசைகள். அங்கு வாழ்ந்தோருள் மாநகராட்சி ஊழியரும் இருந்தனர். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரையும் ஊரைத் துப்புரவு செய்தவரையும் ஊருக்கு இடையூறு என்றார்கள்.

1985 ஜூலை 10 அன்று, தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையில் ஐவர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. நடைபாதைவாசிகளைக் குற்ற நோக்குடைய அத்துமீறல்காரர் என்றது தவறு; அவர்கள் விருப்பத்தால் அங்கு வந்தவர்கள் அல்லர், சூழ்நிலையின் நெருக்கடியால் வந்தவர்கள் என்றது. ஆயினும் நடைபாதை நடப்பதற்கே. அதனைத் தனிப்பட்ட பயனுக்கு ஆக்கிக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம். அவ்வாண்டு அக்டோபர் 31 வரை, அதாவது மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகும் வரை, அகற்றலாகாது என்றும் முடித்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட தீர்ப்பு என்று சிலர் குறை சொல்வர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் "விருப்பத்தால் வந்தவர் அல்லர்" என்று நம் உச்ச நீதிமன்றம் அன்று கண்ட உண்மையை, முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க நீதிமன்றத்தின் பெரும்பான்மையினர் பொருட்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம் வீடற்றோர் காப்பகங்கள் அமைக்கப்பட வேண்டும். அவை ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பின்னர் வந்த மத்திய அரசின் திட்டம் ஆளொருவருக்கு ஐம்பது சதுர அடி இடம், உழைப்போர் கூடும் இடங்களுக்கு அண்மை, ஆண், பெண், குடும்பத்தார் ஆகியோருக்குத் தனித்தனி ஏற்பாடு என்றெல்லாம் வகுத்தது. எழுத்தில் இவை நல்லவை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். பிப்ரவரி 28 இரவு ஒரே இரவில் வீதிகளில் நடந்து எண்ணிய எண்ணிக்கை அது. பாலத்தின் அடியிலும் கட்டடத்தின் பின்புறத்திலும் படுத்தவருள் எத்தனை பேர் கண்ணில் பட்டனரோ!

சென்னையில் பாரிமுனையைச் சுற்றியும் வால்டாக்ஸ் சாலையிலும் தலைமுறைகளாக நடைபாதையில் வாழும் குடும்பங்கள் உள்ளன. காப்பகத்திற்கு ஏன் போகவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "ஆம்பிளை ஓரிடம், பொம்பளை ஓரிடம் என்று பிரிப்பார்கள், பன்னிரண்டு வயதுப் பையனை எங்கே விடுவது?" என்பார் ஒருவர். "கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவனுக்கு நள்ளிரவிலேதான் வேலை, அந்நேரம் கதவைத் திறப்பார்களா?" என்பார் மற்றொருவர். மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது, பாத்திரங்களையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் எங்கே வைப்பது, நாளைக்கே வெளியேறச் சொன்னால் விட்டுவந்த நடைபாதை இடம் திரும்பக் கிடைக்குமா? இவையெல்லாம் பிடிவாதக்காரரின் பேச்சா? வீட்டுக் கணக்குப் பார்க்கும் குடும்பத் தலைவியின் பேச்சு! நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கழிவறைக் கதவில்லாத நல விடுதியை விட்டு உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்துப் படித்த மாணவரைப் பற்றி "தங்க விருப்பமில்லை" என்று பதிவேட்டில் எழுதப்படுவதை நம்மவர் அறிவர்.

எல்லாக் குறைகளும் நீங்கிய, குடும்பத்தோடு தங்கத்தக்க, வேலைக்கு அருகிலுள்ள காப்பகத்தையும் ஒருவர் மறுத்தால்? இக்கேள்வியைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. அப்படியும் சிலர் இருப்பர். அவருள் மனநோயால் அலைபவர் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அத்தகையோரைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைக்கக்கூடாது, பொது மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றது. குடிக்கு அடிமையானவர் உண்டு. பலருடன் ஓரறையில் அடைபட அஞ்சுபவர் உண்டு. முன்பு ஏதோ ஒரு விடுதியில் அடிபட்டவர் உண்டு. இவர்களுக்குத் தண்டம் விதித்துப் பயன் என்ன? கையில் பத்து ரூபாய் இல்லாதவருக்கு 295 டாலர் தண்டம், கட்டாவிட்டால் சிறை. சிறையும் அரசு செலவில் ஒரு கூரைதானே! காப்பகத்தைக் காட்டிலும் செலவு மிகுந்த கூரை. வெளியே வரும்போது வேலையும் போயிருக்கும். குற்றவாளி என்னும் பெயரும் வந்திருக்கும். 1959-ஆம் ஆண்டின் பம்பாய் இரவலர் தடுப்புச் சட்டம், பிழைப்புக்கு வழி தெரியாமல் பொதுவிடத்தில் திரிவதையே இரத்தல் என்று வரையறுத்தது. தில்லிக்குப் பொருந்திய அளவில் அதன் முக்கியப் பிரிவுகளை 2018 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியது. வறுமையைக் குற்றமாக்கும் வழி நம் நாட்டிலேயே அவ்வாறு ஒருமுறை அடைக்கப்பட்டுள்ளது.

அங்ஙனமாயின் எவரும் எங்கும் படுக்கலாம் என்கின்றோமா? இல்லை. மருத்துவமனை வாயிலும், பள்ளி வாயிலும், வண்டி ஓடும் பாதையின் விளிம்பும் படுக்கையிடமாதல் கூடாது. சக்கர நாற்காலியில் செல்பவரும் கண்பார்வையற்றவரும் நடைபாதையின்றிச் சாலையில் இறங்கவேண்டி வந்தால் அதுவும் கொடுமையே. நடைபாதையில் உறங்குவோர்மீது வண்டி ஏறி உயிர் போன செய்திகள் நாளேடுகளில் வராமலில்லை; பெண்களுக்குத் திறந்தவெளி இரவு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நடைபாதை வாழ்வை நாம் போற்றவில்லை. எந்த இடத்தில், எந்நேரத்தில் என்று நியாயமான விதி செய்ய நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. ஓரிடத்திலிருந்து எழுப்பினால் படுக்கத்தக்க மற்றோரிடத்தைக் காட்டும் கடமையும் அதற்கு உண்டு. ஊரெங்கும் ஓரங்குலமும் இல்லை என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை என்பதே நம் நிலை. மறுத்தவரும் எங்கேனும் உறங்கித்தான் ஆகவேண்டும். உடல் தண்டத்திற்கு அஞ்சி விழித்திருக்காது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அகற்றும் பணி நடக்கும் விடியற்காலையில் மூட்டைகளையும் பாய்களையும் எடுத்து லாரியில் போடுபவர் யார்? அதிகாரி தள்ளி நின்று கை காட்டுவார். காவலர் கழியைத் தட்டுவார். அள்ளிப் போடுவது துப்புரவுத் தொழிலாளி. அவர் பெரும்பாலும் நம்மவர். இழப்பவருள்ளும் நம்மவர் பலர். அந்த மூட்டைக்குள் ஆதார் அட்டையும் குடும்ப அட்டையும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழும் இருக்கும். அவை குப்பைமேட்டிற்குப் போனால் அக்குடும்பம் ஓர் ஆண்டு பின்னுக்குத் தள்ளப்படும். கிராண்ட்ஸ் பாஸ் தீர்ப்பை விவாதிக்கும் சட்ட நூல்களில் இந்த லாரி இடம்பெறுவதில்லை. நாளை நம் இளைஞருள் சிலர் சுகாதார ஆய்வாளராகவும் காவல் உதவி ஆய்வாளராகவும் மாநகராட்சிப் பொறியாளராகவும் வரப்போகின்றனர், சிலர் வந்தும்விட்டனர். அள்ளுமுன் அறிவிப்புக் கொடுத்தார்களா, மூட்டையைப் பிரித்து ஆவணங்களைக் கொடுத்தார்களா, போக இடம் காட்டினார்களா என்று கேட்கும் நாற்காலியில் அன்று நீங்களே அமர்ந்திருப்பீர்கள்.

எனவே விழாவோடு இப்பேச்சு நின்றுவிடாமலிருக்க ஒரு வேலையை இளைஞர் பிரிவு மேற்கொள்ள வேண்டுமென்பது செயற்குழுவின் விருப்பம். சென்னையில் காப்பகங்கள் மாநகராட்சியின் பொறுப்பில், பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களைக் கொண்டு நடத்தப்படுகின்றன. அவரவர் வீட்டிற்கு அண்மையிலுள்ள காப்பகத்திற்கு இருவர் இருவராக இரவு நேரத்தில் சென்று பாருங்கள். குடும்பத்தோடு ஏற்கின்றார்களா, பூட்டி வைக்கப் பெட்டி உண்டா, இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர் யார், எத்தனை நாள் தங்கலாம், தண்ணீர் வருகின்றதா, படுக்கை எத்தனை, ஆள் எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அங்கிருந்து திரும்பும் வழியில் நடைபாதையில் இருக்கும் குடும்பங்களிடமும் பேசுங்கள். பெயரைக் கேட்க வேண்டா. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தவும் வேண்டா. காப்பகத்தை மறுத்தவர் கூறும் காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்; "விருப்பமில்லை" என்று சுருக்கிவிடாதீர்கள். அடுத்த மாதப் பொதுக்குழுவில் அக்குறிப்புகள் படிக்கப்படும். அவற்றைத் தொகுத்து மாநகராட்சி ஆணையருக்குக் கழகத்தின் பெயரால் மனு அளிப்போம்.